மைக் முன்னால் ஒரு குடும்ப ரகசியம்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. காப்பாரில் ஒற்றை லோரியோடு தொடங்கி, கிள்ளானில் சொந்த லோரி நிறுவனமே நடத்தியவன். பட்டதாரிகள் என் வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள். பலர் மழைக்கு ஒதுங்கியவர்கள் என்பதை நான் சொல்வதில்லை.

சொத்தைக் குடும்ப டிரஸ்டில் போட்டிருந்தேன். என் தம்பி பங்கு கேட்டு வழக்குப் போட்டதால், அந்தப் பத்திரம் கோர்ட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. அதில் என் மகன் மனநோய்க்கு எடுத்த சிகிச்சையின் விவரம் இருந்தது. நோய் திரும்பினால் அவன் பங்கை அக்காள் பார்த்துக்கொள்வாள் என்பதும் இருந்தது. இப்போது அவன் பண்டமாரானில் ஒரு கிடங்குக்கு மேலாளர். வெளியாள் பார்த்தால் வேலையிடம்வரை பேச்சுப் போகுமே என்று பயந்தான்.

"அப்பா, யார்கிட்டயும் வாய் தொறக்காதீங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை வாங்க முடியுமாடா?"

வெள்ளிக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு போய்க் கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். பெயர், நட்சத்திரம் சொன்னால் போதும். அம்மனுக்கு விவரம் தெரிய வேண்டாமா?

"சாமி, புள்ளைக்கு மனசு சரியில்லாம இருந்துச்சு. மருந்துல இருக்கான். அது திரும்பி வரக்கூடாது. கோர்ட்டுல பேப்பர் வெளிய வரக்கூடாது!"

குருக்கள் கழுத்தில் மைக் மாட்டியிருந்தார். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மகன் பிரசாதத்தைக்கூட வாங்காமல் போய்க் காரில் ஏறிக்கொண்டான்.

திங்கட்கிழமை பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் தன் அலுவலகத்தில் எங்கள் வக்கீல் பெண் கேட்டார்: "அங்கிள், பத்திரத்த வெளியாள் பார்க்கக் கூடாதுன்னு மனு போடப்போறோம். இது வெளியில யாருக்காச்சும் தெரியுமா? ஜட்ஜ் கேப்பாங்க."

நான் மின்விசிறியைப் பார்த்தேன். மகன்தான் சொன்னான்: "பூஜைக்கு வந்தவங்களுக்கு மட்டும் தெரியும் மேடம். குருக்கள் மைக் மாட்டியிருந்தாரு."

"மைக்லயா?"

"மைக் இல்லாட்டியும் கேட்டிருக்கும்."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். "கோயில்ல கேட்டது வேற, டாக்டர் ரிப்போர்ட் வேற. கேட்டுப் பார்க்கலாம்."

நீதிபதி ஒப்புக்கொண்டார். பத்திரத்தை வெளியார் பார்க்கக் கூடாது. கதவை மூடித்தான் விசாரணை. விசாரணை நாளன்று, என்னவோ நானே வாதாடி ஜெயித்த மாதிரி நெஞ்சை நிமிர்த்தி உள்ளே நடந்தேன். வக்கீல் மறித்தார்.

"அங்கிள், இன்னிக்கு மகனோட சாட்சி மட்டும்தான், உங்களது இல்ல. வெளியிலயே உக்காருங்க லா."

மகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

பெஞ்சில் பக்கத்திலிருந்தவர், "கதவெல்லாம் மூடிட்டாங்க, என்ன கேஸ் அண்ணே?" என்றார். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"எனக்கு எப்படித் தெரியும்? நான் டிரைவர்," என்றேன். "முதலாளி உள்ள இருக்காரு."