வேங்கைகள் தூங்கும் இடம்

எழுமலை செல்லப்பாண்டி அன்று காலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். காளவாசலில் என் ஸ்பேர் பார்ட்ஸ் கடையை நான் திறக்கும்போது ஷட்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கவுண்டரில் துண்டை விரித்து, தன் வேங்கை ஜீப்பின் முன்சக்கர ஹப்பை எடுத்து வைத்தார். உள்ளே பல் மொத்தமும் தேய்ந்து போயிருந்தது. அது இல்லாமல் முன்சக்கரம் இழுக்காது. வண்டி மலையடிவாரத்துத் தோப்புகளுக்கு ஏறாது. எலுமிச்சை லோடு இறங்காது.

"என்கிட்ட கிடையாது பாண்டி. இந்தச் சாமானைக் கம்பெனியே மறந்துருச்சு" என்றேன்.

"உங்ககிட்ட யாருண்ணே கேட்டா? அக்கா வரட்டும்" என்றார்.

பேச்சியக்கா பத்து மணிக்கு வருவார். பத்தேகாலுக்குப் போன் வந்தது. அவருடைய மகள். "மாமா, அம்மா போயிருச்சு. காப்பியக் குடிச்சிட்டு, கடைக்கு வாரேன்னு பையை எடுத்துச்சு. அப்படியே உக்காந்துருச்சு."

போனை வைத்துவிட்டு செல்லப்பாண்டியிடம் சொன்னேன். அவர் அந்த ஹப்பைப் பார்த்தார். மெதுவாகத் துண்டில் மறுபடி சுற்றினார், குளிரும் என்பதைப் போல.

பேச்சியம்மாளை வேங்கை வைத்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். வேங்கைக்காரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் எழுதிப் பழகியவன் இல்லை. தட்டுவண்டியில் பழைய போல்ட் நட் விற்று மேலே வந்தவன். ஆனால் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது.

தல்லாகுளத்தில் வேங்கை ஷோரூம் இருந்த காலத்தில், அதன் பின்கட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் ஜன்னலுக்குப் பின்னால் அக்கா உட்கார்ந்திருப்பார். அன்றைக்குப் பஞ்சாயத்துத் தலைவர், கல்குவாரிக்காரர், தோப்பு வைத்திருப்பவர் என்று யாரை எடுத்தாலும் வேங்கைதான். கம்மாய்க்குள் இறங்கிக் கரையேறும். ஏழு பேர் உட்கார வேண்டியதில் பதினேழு பேர் போவார்கள். உடைந்த சாமானைத் துண்டில் கட்டி எடுத்து வருவார்கள். அக்கா கண்ணாடி போட்டுக்கொள்ள மாட்டார். கையில் வாங்கித் தடவிப் பார்ப்பார். "இது முத வருசத்து வண்டி. பச்சைக் கலரா?" என்பார். பச்சைதான்.

பிறகு கம்பெனிக்குத் தன் வாடிக்கையாளர்களைப் பார்த்தே கூச்சம் வந்துவிட்டது. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். வேங்கையை உருண்டையாக, வழவழப்பாக மாற்றினார்கள். அலுவலகம் போகிறவருக்குப் பிடிக்க வேண்டும் என்றார்கள். ஷோரூமுக்குக் கண்ணாடிக் கதவும் கம்பளமும் வந்தன. உசிலம்பட்டிக்காரர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போகலாமா என்று யோசித்துவிட்டு, பின்வாசல் வழியாக அக்காவின் ஜன்னலுக்குப் போனார்கள். புதுச் சேல்ஸ் மேனேஜர் ஒருமுறை பின்கட்டில் இருந்த கூட்டத்தைப் பார்த்து, "என்னம்மா இது, சந்தை மாதிரி?" என்றாராம்.

"சந்தைதான் சார். முன்னாடி ஒரு ஆளக் காணோமே, பாத்தீகளா?" என்றார் அக்கா.

அவர் பார்க்கவில்லை. சில வருடங்களில் வேங்கை வருவது நின்றது. கம்பெனி கை மாறியது. ஷோரூம் இருந்த இடத்தில் இப்போது கட்டிலும் மெத்தையும் விற்கிறார்கள். அக்காவை நான் என் கடைக்குக் கூப்பிட்டேன். இரக்கத்தில் இல்லை. அவர் எங்கே உட்கார்ந்தாலும் வேங்கைக்காரர்கள் அங்கே வருவார்கள் என்று எனக்குத் தெரியும்.

சாமான் வருவது நின்ற பிறகு அக்கா ஒரு வேலை செய்தார். ஓடாத வேங்கைகளைத் தேடிப் போனார். அவற்றை ஒருநாளும் ஓட்டை வண்டி, காயலான் சரக்கு என்று சொல்ல மாட்டார். "அது தூங்குது" என்பார். நம் பக்கத்தில் ஓடாத வண்டியையும் ஆயுத பூசைக்குத் தார்ப்பாயை விலக்கிக் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள் அல்லவா? அன்றைக்குத்தான் அக்கா பஸ் ஏறுவார். வாடிப்பட்டிப் பக்கம், உசிலம்பட்டிப் பக்கம் என்று ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போவார். பொட்டு வைத்த வண்டி தெரிந்தால் இறங்கிவிடுவார். அந்த வீட்டாரிடம் ஒன்றும் கேட்க மாட்டார். தானும் ஒரு பொட்டு வைத்துவிட்டு, கொடுத்த பொரியைத் தின்றுவிட்டு அடுத்த பஸ் பிடிப்பார்.

பிறகு யாருக்காவது ஒரு சாமான் வேண்டும் என்றால், எந்த வண்டியில் அது நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்புவார். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். ஆளை அனுப்பிக் கேட்கக் கூடாது. வண்டிக்காரரே நேரில் போக வேண்டும். கையில் தாம்பூலத் தட்டு இருக்க வேண்டும்.

"என்னக்கா, பொண்ணு கேக்கவா போறாய்ங்க?" என்று நான் சிரித்தேன்.

"பின்ன? அவுக வீட்டுல இருந்து உசுரோட ஒண்ணக் கழட்டி இவுக வீட்டுக்குக் கொண்டு போறமில்ல. கேக்குற விதமா கேட்டா ஏன் தம்பி குடுக்க மாட்டாக?"

கொடுத்தார்கள். எத்தனை புரோக்கர் போய்க் கேட்டும் அசையாதவர்கள், தட்டைப் பார்த்ததும் ஸ்பானரை எடுத்துக் கொடுத்தார்கள்.

இனி நான் செய்த காரியம். ஒருநாள் அக்கா, அலங்காநல்லூருக்கு வடக்கே ஒரு வேங்கை தூங்குவதைச் சொன்னார். ஊர், தெரு, வீட்டு அடையாளம் எல்லாம் சொன்னார். மறுநாள் பழைய இரும்பு எடுக்கும் ஆள் ஒருவர் கடைக்கு டீ குடிக்க வந்தார். பேச்சுவாக்கில் அந்த ஊரைச் சொல்லிவிட்டேன். 'பேச்சுவாக்கில்' என்பது பொய். எனக்கும் ஏதாவது கிடைக்கும் என்று தெரிந்தே சொன்னேன். அந்த வீட்டுப் பெரியவர் ஆஸ்பத்திரியில் இருந்த நேரம், பிள்ளைகள் கொடுத்துவிட்டார்கள். ஒரு வாரத்தில் வண்டியை அறுத்துவிட்டார்கள்.

யார் சொன்னது என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. கடைக்கு வந்து பையை ஆணியில் மாட்டினார். "அதுக்கு முன்கண்ணாடி அம்புட்டு நல்லா இருந்துச்சு தம்பி. மானம், மேகமெல்லாம் அப்படியே தெரியும்" என்றார். பிறகு வேலையைப் பார்த்தார்.

அதற்கப்புறம்தான் அக்காவின் பேச்சு மாறியது. தினமும் காலையில் வந்து, கனவு சொல்வதைப் போல எதையாவது சொல்லிக்கொண்டிருப்பார். "ஒரு வண்டி தம்பி. பின்சீட்டுல கோழி அடை காக்குது. பக்கத்துல போனா ஒரு கண்ண மட்டும் தொறந்து பாக்குது." இன்னொரு நாள், "நாலு சக்கரமும் மண்ணுக்குள்ள. மழை பேஞ்சா ஓடையில நிக்கிற மாதிரியே இருக்கு. இப்பக் கெளம்பிரும்னு தோணுது." வேறொரு நாள், "பஸ்ஸு நின்னுச்சா, மூடுன ரயில் கேட்டுல. எட்டிப் பாத்தா மதிலுக்கு அங்கிட்டு ஒரு வேங்கை. ஸ்டீரிங்க சுத்திப் பீர்க்கங்கொடி. மஞ்சப் பூவெல்லாம் ரயிலப் பாத்துக்கிட்டு நிக்குது. ஹப்பு ரெண்டும் அப்படியே மின்னுது."

"சரிக்கா, சரிக்கா" என்று சொல்லிக்கொண்டே நான் பில் போட்டேன். வயதாகிவிட்டது, மனம் எங்கேயோ மிதக்கிறது என்று நினைத்தேன். ஊர்ப் பெயர் ஒன்றுகூட அவர் சொல்வதில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. யாருக்காவது சாமான் வேண்டும் என்றால் கவுண்டரை விட்டு வெளியே கூட்டிப் போய், வேப்பமரத்தடியில் நின்று காதோடு சொல்வார். அதையும் வழக்கம் என்றே நினைத்தேன்.

அக்காவின் காடாத்துச் சடங்கு முடிந்த அன்று மாலை செல்லப்பாண்டி மறுபடி கடைக்கு வந்தார். தோப்புக்காரர் வேறு வண்டி பார்க்கத் தொடங்கிவிட்டார் என்றார். "அக்கா எங்கிட்டாச்சும் எழுதி வச்சிருக்குமாண்ணே?"

மகளைக் கேட்டேன். ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. எல்லாம் தலைக்குள்தான். தலையும் போய்விட்டது. அக்காவின் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அந்தப் பீர்க்கம்பூ நினைவுக்கு வந்தது. ஹப்பு ரெண்டும் மின்னுது. கனவா அது? என் காதில் விழவும் வேண்டும், என் வாயில் இருந்து புரோக்கருக்குப் போகவும் கூடாது என்று, ஊர்ப் பெயரை மட்டும் கழற்றி வைத்துவிட்டு அக்கா சொன்ன விலாசம்.

மறுநாள் என் காரிலேயே, ரயில் கேட்டுகள் உள்ள உசிலம்பட்டி ரோட்டில் போனோம். ஒவ்வொரு ரயில் கேட்டிலும் நிறுத்திப் பார்த்தோம். மதில்தான் இருந்தது. திரும்பும்போது செல்லப்பாண்டி, "அண்ணே, அக்கா காருலயா போச்சு?" என்றார்.

காரை ஒரு டீக்கடையில் நிறுத்திவிட்டு, பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தோம். காரில் இருந்து வெறும் சுவராகத் தெரிந்தது, பஸ் உயரத்தில் இருந்து பார்த்தால் ஒரு வீட்டுக் கொல்லை. நாங்கள் போன நேரத்தில் ரயில் எதுவும் இல்லை. கேட் திறந்தே இருந்தது. பஸ் தண்டவாளத்தில் ஏறி இறங்குவதற்காக வேகம் குறைத்த அந்த ஒரு நொடியில் மஞ்சள் தெரிந்தது. "எறக்கம்! எறக்கம்!" என்று செல்லப்பாண்டி கத்தியதில் கண்டக்டர் பயந்துபோனார்.

பச்சை வேங்கை. கொடி கதவு வழியாக ஏறி, ஸ்டீரிங்கை ஒரு சுற்றுச் சுற்றி, கூரைக்குப் போயிருந்தது. பானட்டில் காய்ந்த குங்குமப் பொட்டு இரண்டு. வீட்டுக்கார அம்மா வெளியே வந்தார். பேச்சியக்கா சொல்லி வந்தோம் என்றேன்.

"அவுகளா? போன ஆயுத பூசைக்கு வந்தாகளே. நல்லா இருக்காகளா?"

சொன்னேன். அந்த அம்மா வண்டியின் மேல் கையை வைத்தார். பிறகு எங்கள் கைகளைப் பார்த்தார். "அவுக சொல்லித்தான் வந்தீகன்னா, தட்டு எங்க?"

அவசரத்தில் அதை மறந்தே போயிருந்தோம். செல்லப்பாண்டி வெற்றிலை வாங்க ஓடினார். நான் அந்த வண்டியின் பக்கத்தில், பூக்களுக்கு நடுவே, திருடனைப் போல நின்றேன்.

அந்த அம்மா கொடுத்த ஹப்பில் செல்லப்பாண்டியின் வண்டி மறுபடி மலையடிவாரத்துக்கு ஏறுகிறது. அக்காவிடம் இருந்து என்னிடம் மிச்சம் இருப்பது மூன்று வண்டிகள்: பீர்க்கங்கொடி வண்டி, கோழி அடைகாக்கும் வண்டி, மழையில் கிளம்பப் பார்க்கும் வண்டி. கடைசி இரண்டும் எந்த ஊர் என்று இன்னும் தெரியாது. மற்ற வண்டிகளையும் தினமும் காலையில் என் காதில் விழத்தான் சொன்னார். நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகவே வேங்கை வைத்திருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வேப்பமரத்தடியில் அக்கா உங்களுக்குச் சொன்ன வண்டிகளை மறந்துவிடாதீர்கள். என்னிடம் சொல்ல வேண்டாம். நான் அதற்குத் தகுதியான ஆள் இல்லை. உங்களுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். வருகிற ஆயுத பூசைக்கு நான் கடையை அடைத்துவிட்டு பஸ்ஸில் போகிறேன். குங்குமம் எடுத்துக்கொள்வேன். நீங்களும் வந்தால், ஜன்னல் சீட்டுப் பிடியுங்கள்.