அம்மாவின் பையும் ஒரு மோப்ப நாயும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, சுதந்திர தினம் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு வாரம். சாத்தூரில் இரவு ரயில் ஏறி, காலையில் சென்னையில் இறங்கினேன். பகல் முழுக்க ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அன்றைக்கே ராத்திரி ரயிலில் திரும்புவதாகத் திட்டம். துணைக்கு யாரும் இல்லை. போய்த் தங்க சொந்தக்காரர் வீடும் இல்லை.

இதில் என்ன பெரிய விஷயம் என்று நீங்கள் கேட்கலாம். என்னுடையது ஏழாயிரம்பண்ணை பக்கத்தில் ஒரு கிராமம். அங்கிருந்து சென்னைக்குப் போகிறவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், பரீட்சை எழுதப் போவார்கள், கல்யாணத்துக்குப் போவார்கள். சும்மா பார்த்துவிட்டு வருவதற்காக யாரும் போனதில்லை. அதுவும் ஒரு பெண், தனியாக.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்து, கல்லூரியையும் முடித்த முதல் ஆள் நான். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் டிசைன் செய்கிறேன். அந்த வருடம் சென்னைக் காட்சிகள் போட்ட காலண்டர் ஒன்று வந்தது. கலங்கரை விளக்கம், கடற்கரை, சிவப்புக் கட்டடங்கள் என்று அந்தப் படங்களோடு பல நாட்கள் மல்லுக்கட்டினேன். குறுக்கே போகும் மின்கம்பிகளை அழிப்பேன். வானம் வெளிறியிருந்தால் நீலம் ஏற்றுவேன். எந்த ஜன்னலில் எந்தக் கண்ணாடி உடைந்திருக்கிறது என்பது வரை எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஊரை நான் பார்த்ததில்லை. டிசைன் முடிந்து வேலை அச்சு மெஷினுக்குப் போனதும், முதலாளி அண்ணாச்சியிடம் ஒரு நாள் லீவு கேட்டேன். கொடுத்துவிட்டார்.

வீட்டில்தான் பெரிய பேச்சு.

"அங்கன யாரு இருக்கா, அங்கன என்ன சோலி?" என்றார் அப்பா.

"சோலி ஒண்ணும் இல்லப்பா. பாக்கணும்."

கடைசியில் அவரே இறங்கிவந்து சொன்னார்: "ஒரு நாளுதான். ஏதாச்சும் வம்பு வந்துச்சுன்னா இத்தோட சரி. பொறவு தனியா எங்கயும் கெடையாது, பாத்துக்க."

அம்மா வேறொன்று சொன்னார்: "பத்திரமா போயிட்டு வா தாயி. பகல்ல மட்டும் போன் போட்டுறாத."

அம்மா பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டி என்கிற புஸ்வாணம் பாக்கிங் செய்கிறார். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பகலில் யாரும் யாருக்கும் தேவையில்லாமல் போன் செய்ய மாட்டோம். வேலை நேரத்தில் போன் மணி அடித்தால் கேட்டவர் முதலில் குலசாமியைக் கூப்பிடுவார். அப்புறம்தான் எடுத்து "யாரு?" என்பார். எங்கள் தெருவில் அப்படி வந்த போன்களில் சில, நல்ல சேதி கொண்டுவந்தவை அல்ல. அப்பா தீப்பெட்டிக் குடோனில் லோடு ஏற்றுகிறவர். சட்டைப்பையில் போன் இருக்கும். பகலில் அது அடித்தால் அவர் மனசு நேராக அம்மாவின் கம்பெனிக்குத்தான் ஓடும்.

என்னிடம் பயணத்துக்கு ஏற்ற பை இல்லை. அம்மாவுக்கு ஒரு தீபாவளிக்குக் கம்பெனியில் கொடுத்த தோள்பை இருந்தது. தினமும் சாப்பாட்டுத் தூக்கையும், சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு வேலை பார்க்கும் பழைய சட்டையையும் அதில்தான் கொண்டுபோய்க் கொண்டுவருவார். எனக்காக அதை முந்தின ஞாயிற்றுக்கிழமை சோப்புப் போட்டு மூன்று தண்ணீர் அலசி, வெயிலில் காய வைத்துக் கொடுத்தார். மாற்றுத்துணி, தண்ணீர் பாட்டில், வழியில் கொறிக்கச் சாத்தூர்க் காராச்சேவு ஒரு பொட்டலம். அவ்வளவுதான் என் மூட்டை.

ரயில் நிலையத்துப் பெண்கள் அறையில் குளித்து, தலை சீவி, வாசலை நோக்கி நடந்தேன். அவ்வளவு கூட்டத்தை நான் இருக்கன்குடி திருவிழாவில்தான் பார்த்திருக்கிறேன். அங்கே எல்லாரும் ஒரே பக்கம் போவார்கள். இங்கே ஆளுக்கொரு பக்கம். எனக்கு ஒரே சந்தோஷம்.

வாசல் பக்கத்தில் போலீஸ்காரர் ஒருவர் கறுப்பு நாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடந்து போகிறவர்களின் பெட்டிகளை அது வரிசையாக மோந்து பார்த்தது. பளபளவென்று அழகான நாய். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். அது என் பக்கம் திரும்பியது. பையை ஒரு முறை மோந்தது, இன்னொரு முறை மோந்தது. அப்புறம் என் முன்னால் சாமி கும்பிட வந்தது போல அடக்கமாக உட்கார்ந்துவிட்டது.

நாய்க்கு என்னைப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். தடவக் கையை நீட்டினேன்.

"தொடாதம்மா! பையைக் கீழ வை! நாலடி பின்னால போ!" என்று கத்தினார் போலீஸ்காரர்.

ஒரு நிமிடத்தில் என்னைச் சுற்றி இடம் காலியானது. டீ விற்றவர் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்த பிறகுதான், வெடிமருந்தை மோந்தால்தான் நாய் அப்படி உட்காரும் என்று எனக்குப் புரிந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு நாலடி பின்னால் போனேன்.

பையை ஸ்கேன் செய்யும் கருவியில் விட்டுப் பார்த்தார்கள். ஆபத்தாக ஒன்றும் இல்லை. ஆனால் நாய் உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். என்னை உள்ளே ஓர் அறைக்கு அழைத்துப் போனார்கள்; நாயோடு அந்தப் போலீஸ்காரரும் வந்தார். அங்கே ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் இருந்தார். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். குரலில் மட்டும் நல்ல அதட்டல்.

"யார் வீட்டுக்கு வந்த?"

"யார் வீட்டுக்கும் இல்ல மேடம்."

"வேலை தேடி வந்தியா? இன்டர்வியூவா?"

"இல்ல மேடம். ஊரைப் பாக்க வந்தேன்."

"தனியா?"

"தனியாத்தான்."

அவர் நாய்க்காரரைப் பார்த்தார். நாய்க்காரர் என்னைப் பார்த்தார். வெடிமருந்து வாசனையைவிட இதுதான் அவர்களுக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது.

"எந்த ஊரு நீ?"

சொன்னேன். எங்கம்மா பட்டாசுக் கம்பெனியில வேலை பாக்காக, இது அவுக தினமும் கொண்டுபோற பை, துவைச்சுத்தான் கொடுத்தாக என்று ஒரே மூச்சில் சொன்னேன். பதற்றத்தில், கல்லூரியில் கற்றுக்கொண்ட தமிழெல்லாம் போய், வாயில் ஊர்ப் பேச்சுதான் வந்தது.

நாய்க்காரர் என் சாமான்களைத் தரையில் இடைவெளி விட்டுப் பரப்பினார். சுடிதார் ஒரு பக்கம், பாட்டில் ஒரு பக்கம், சேவுப் பொட்டலம் ஒரு பக்கம், காலிப் பை ஒரு பக்கம். நாயிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அது சுடிதாரைத் தாண்டியது, பாட்டிலைத் தாண்டியது. சேவுப் பொட்டலத்தின் முன்னால் நின்று நிதானமாக யோசித்தது. எனக்கு உயிரே போனது. பிறகு அதையும் மனசில்லாமல் தாண்டி, காலிப் பையின் முன்னால் போய் உட்கார்ந்தது.

"பை மட்டும்தான் மேடம்" என்றார் அவர்.

சப்-இன்ஸ்பெக்டர் போனைக் கையில் எடுத்தார். "சரி, நீ சொல்றது நிஜமான்னு கேக்கணும். வீட்டு நம்பர் சொல்லு."

அப்பாவின் நம்பர் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் இரண்டே நிமிடத்தில் வெளியே போய்விடலாம். ஆனால் வேலை நேரம் தொடங்கிவிட்டது. சென்னையிலிருந்து போலீஸ் பேசுகிறது என்ற வார்த்தையை முழுதாகக் கேட்பதற்குள் அப்பா குடோனை விட்டு ஓடிக்கொண்டிருப்பார்.

"மேடம், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கூப்பிடுங்க. அதுவரைக்கும் நான் இங்கனயே உக்காந்துருக்கேன்."

"ஆறு மணிக்கா? ஊரைப் பாக்க வந்தேன்னு சொன்ன?"

"பாக்காட்டிப் போகுது மேடம். பகல்ல மட்டும் கூப்பிட வேணாம்."

"ஏன்? வீட்டுக்குத் தெரியாம வந்தியா?"

"தெரியும் மேடம். பகல்ல போன் அடிச்சா, எங்கம்மாவுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நெனைப்பாக."

இதைச் சொல்லும்போது நான் அழவில்லை. அழக்கூடாது என்று பிடிவாதமாக நின்றேன். அவர் போனை மேஜை மேல் வைத்தார். அடுத்து அவர் பேசியபோது அதட்டல் பாதியாகக் குறைந்திருந்தது.

"வேலை பாக்குற இடத்து ஐ.டி. கார்டு வச்சிருக்கியா?"

இருந்தது. அதிலிருந்த நம்பருக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். காலண்டர் சீசன் நேரம் என்பதால் அச்சகத்தில் காலையிலேயே மெஷின் ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பழகிய எங்கள் அண்ணாச்சியின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ஆமா மேடம், எங்க பிரஸ் பிள்ளைதான். டிசைன் பாக்குது. மெட்ராஸ் பாக்கணும்னு ஆசைப்பட்டுச்சு, அனுப்பி விட்டோம். ஏன், என்ன செஞ்சுச்சு?"

"அது ஒண்ணும் செய்யல சார். அது பைக்கிட்ட எங்க மோப்ப நாய் உக்காந்துருச்சு."

மெஷின் சத்தத்தையும் மீறி அண்ணாச்சி சிரிக்க ஆரம்பித்தார்.

"நாயி உக்காந்துருச்சா! ஏன் மேடம், அந்த நாயி எங்க ஊருக்கு வந்துச்சுன்னா உக்காந்த இடத்தை விட்டு எந்திரிக்கவே செய்யாதே! பஸ் ஸ்டாண்டுல உக்காரும், டீக்கடையில உக்காரும், கோயில் வாசல்ல உக்காரும். நடக்க வச்சுக் கூட்டிட்டுப் போவவே உங்களுக்கு ஒரு வாரம் ஆயிருமே!"

முதலில் சிரித்தது நாய்க்காரர். அப்புறம் சப்-இன்ஸ்பெக்டர். அவர் சிரிப்பை அடக்கத் தொப்பியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து நாய் வாலை ஆட்டியது. எனக்கு அப்போதுதான் கண்ணில் தண்ணீர் வந்தது. அண்ணாச்சி கடைசியில் குரலைத் தாழ்த்தி, "மேடம், அவுக வீட்டுக்குப் பகல்ல பேசிராதீக" என்றார். நான் சொன்னதையே அவரும் சொன்னார். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

என் விவரங்களையெல்லாம் எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்கள். "இந்தப் பையோட எங்க போனாலும் ஒரு நாய் உன் முன்னால உக்காரும். இங்கயே வச்சிட்டுப் போ, ராத்திரி ரயிலுக்கு வர்றப்ப வாங்கிக்கோ" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். தன் சாப்பாட்டுப் பாத்திரம் வைத்திருந்த துணிக்கடைப் பையைக் காலி செய்து, பாட்டிலையும் என் கையிலிருந்த பர்ஸையும் அதில் போட்டுக் கொடுத்தார். கடற்கரைக்கு எந்த வாசல் வழியாகப் போய் எந்தப் பஸ் ஏற வேண்டும் என்றும் சொன்னார். நான் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து சத்தமாக, "நல்லா சுத்திப் பாரு! உனக்கும் சேர்த்து நான்தான் இங்க உக்காந்திருக்கேன்!" என்றார்.

அந்தப் பகலை எப்படிச் சொல்வது! தோளில் பாரமில்லை, மனசிலும் இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. நான் படத்தில் அழித்த மின்கம்பிகள் அத்தனையும் அப்படியே இருந்தன. அவற்றின் மேல் காக்கைகள் வேறு. பழகியவர்களைத் திரும்பப் பார்த்தது போல இருந்தது. வானம் நான் ஏற்றிய அளவுக்கு நீலமாக இல்லை, வெளிறித்தான் கிடந்தது. அதுதான் அழகு என்று தோன்றியது. கலங்கரை விளக்கத்தின் மேல் நின்றபோது காற்று என்னைத் தூக்கிவிடும் போல அடித்தது. கடலில் முழங்கால் நனைய நின்றேன். மாங்காய்ப் பத்தை வாங்கித் தின்றேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் கேட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். வாயெல்லாம் பல்லாக நிற்கிறேன் அதில்.

பொழுது சாய்ந்ததும் பையை வாங்கப் போனேன். சப்-இன்ஸ்பெக்டர் பணி முடிந்து போய்விட்டார். நாய்க்காரர் இருந்தார். பை அப்படியே இருந்தது, சேவுப் பொட்டலம் மட்டும் பாதியாகியிருந்தது.

"சந்தேகம் வந்துச்சும்மா. சாம்பிள் எடுத்தோம்" என்றார், முகத்தில் சிரிப்பே காட்டாமல்.

"முடிவு என்ன சார்?"

"காரம் ஜாஸ்தி. மத்தபடி ஆபத்தில்ல."

மறுநாள் வீட்டில் நடந்ததை எல்லாம் சொன்னேன். அப்பா திட்டுவார் என்றுதான் நினைத்தேன். ஆறு மணி வரை உட்கார்ந்திருக்கிறேன் என்று நான் சொன்ன இடத்தில் அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "வம்பு வந்துச்சு. ஆனா அது என்கிட்ட வராமப் பாத்துக்கிட்டியே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்தாப்புல எந்த ஊரு?" என்று கேட்டார். அதன் பிறகு பெங்களூருக்கும் மைசூருக்கும் தனியாகப் போய்வந்துவிட்டேன், புதுப் பையோடு.

அம்மா சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அடுத்த நாள் கம்பெனி வேனில் அந்தப் பையை எல்லாரிடமும் காட்டினாராம். "எம் பையை நாயி சல்யூட் அடிச்சு வரவேத்துருக்கு, உங்க பைக்கு உண்டாடி?" என்று கேட்டாராம். ஆனால் என்னிடம் மட்டும் தனியாக, "மூணு தண்ணி அலசுனேனே தாயி, அப்பவுமா போகல?" என்றார்.

போகவில்லை அம்மா. நான் படித்த படிப்புக்குப் பின்னால் இருப்பது அந்த வாசனைதான். யாருக்கும் யாரையும் தெரியாத அவ்வளவு பெரிய ஊரில், நான் யார் பெற்ற பிள்ளை என்று இரண்டே மூச்சில் கண்டுபிடித்து என் முன்னால் மரியாதையாக உட்கார்ந்தது அந்த நாய் ஒன்றுதான். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் தலை நிமிர்ந்துதான் போகிறது.