குடம் வைத்த வாசல்கள்

நிலாவெளியில் தெரு என்று சொல்ல ஒன்றுதான் இருந்தது. திருகோணமலையிலிருந்து வரும் அரசாங்க றோட்டு ஊருக்குள் நுழைந்ததும் கடைத்தெருவாகும். கடைகள் முடிந்ததும் மறுபடி றோட்டாகிவிடும். அதன் ஓரத்தில் பிட்டும் மீன்குழம்பும் விற்ற அன்னப்பிள்ளை, தெரு முழுவதும் தன் சீதனம் என்பதுபோலத்தான் நடந்துகொள்வாள். குறுக்கே சைக்கிளை நிறுத்தினால் ஊர் அதிகாரி விதானையாருக்கும் ஏச்சு விழும்.

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டதும் ஊரில் பெரும்பாலானோர் வெருகலுக்கும் புல்மோட்டைக்கும் ஓடினார்கள். ஓடியவர்கள் வீட்டைப் பூட்டித் திறப்புகளை அன்னப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவள் அசையமாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும். தெருவைப் பட்டாளத்து லொறிகள் பிடித்துக்கொண்டன. வைகாசியில் அம்மன் ஊர்வலம் தெருவால் வரக்கூடாது என்று முகாமிலிருந்து கட்டளையும் வந்தது.

கோயில் பொறுப்பாளர் காசிநாதர் அதற்குத் தலையாட்டிவிட்டார். அன்னப்பிள்ளை அவரைத் தேடிப் போனாள். ஒருமுறை விட்டுக்கொடுத்தால் தெரு திரும்பி வராது.

"பட்டாளத்தோட மல்லுக்கட்ட ஏலாது பிள்ளை. இந்த முறை வீடுகளுக்குப் பின்னால போற ஒழுங்கையால போவம்" என்றார் அவர்.

"போங்கோ. நான் வாசல்ல நிறைகுடம் வைப்பன். குடம் வைச்ச வாசலை விட்டிட்டு அம்மன் எந்த வருசம் போனவ எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ."

குடம் வைத்த வீட்டின் முன் அம்மன் நின்று, வீட்டாரின் பேரில் அர்ச்சனை ஏற்றுத்தான் நகர வேண்டும். அது ஊர் வழக்கம்.

ஊர்வல நாள் காலையில் அன்னப்பிள்ளை திறப்புக் கோவையுடன் கிளம்பினாள். பூட்டிய வீடுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். அந்தந்த வீட்டு அடுப்படிக் குசினியிலிருந்தே குடத்தை எடுத்து, நீர் நிரப்பி, மாவிலையும் தேங்காயும் வைத்து, அந்தந்த வீட்டுக் கதிரையையே வாசலில் போட்டு அதன்மேல் வைத்தாள். அம்மனைச் சுமந்தவர்கள் ஒழுங்கைக்குத் திரும்பும் சந்திக்கு வந்து பார்த்தார்கள். ஆளில்லாத தெரு முழுவதும் குடங்கள். காசிநாதர் வாயைத் திறக்குமுன்னே அவர்கள் தெருவுக்குள் திரும்பிவிட்டார்கள்.

எதிரே லொறிகள் வந்தன. அன்னப்பிள்ளை ஒரு கதிரையைக் குடத்தோடு தூக்கிக்கொண்டு போய் முதல் லொறியின் முன்னால் நடுத்தெருவில் வைத்தாள். வெள்ளைக்காரச் சிப்பாய் கத்தினான். முகாமில் வேலை செய்த கனகசிங்கம் இறங்கி வந்தான்.

"அக்கா, எடுக்கட்டாம். எவ்வளவு நேரம் எண்டு கேக்கிறார்."

"அம்மன் எல்லா வாசலிலையும் நிண்டு முடிக்குமட்டும். அவசரமெண்டால் ஒழுங்கையால போகச் சொல்லும்."

கனகசிங்கம் என்னத்தை மொழிபெயர்த்தானோ, லொறியின் இயந்திரம் நின்றது.

பூசாரி ஒவ்வொரு வாசலிலும் பெயர் கேட்டார். ஓடிப்போனவர்களின் பெயர்களையும் நட்சத்திரங்களையும் அன்னப்பிள்ளை உரத்துச் சொன்னாள். குரல் தளரவில்லை. கடைசியாக நடுத்தெருக் குடத்துக்கு வந்தார்கள்.

"இது ஆரின்ர பேருக்கு?"

"றோட்டின்ர பேருக்குச் செய்யுங்கோ ஐயா."

பூசாரி லொறிகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நட்சத்திரம்?"

"அது தெரியாது. வெள்ளைக்காரனுக்கு முந்திப் பிறந்தது, அது தெரியும்."

பூசாரி மணியை ஆட்டினார்.