சித்தி எங்கள் வீட்டில் சாப்பிட்ட நாள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்போதும் எட்டு மணிக்குள் குளித்துவிட்டு வெள்ளைச் சட்டையோடு கூடத்தில் நின்றுகொண்டிருப்பேன். போவதற்கு இடம் கிடையாது. சபையை விட்டு வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. உடம்புக்கு மட்டும் அது இன்னும் தெரியவில்லை. மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "மீன் வாங்கப் போறீங்களா? அதுக்கு இந்தச் சட்டை வேண்டாமே" என்பாள். சட்டையை மாற்றிக்கொண்டு பையை எடுத்துக்கொண்டு இறங்குவேன்.

ஆரியசாலையில் ஒரு மளிகை மொத்தக் கடையில் பில் போடுகிறேன். முதலாளி தென்காசிப் பக்கத்துக்காரர். வெள்ளிக்கிழமைதோறும் கோவிலிலிருந்து பாயசம் கொண்டுவந்து எல்லோருக்கும் ஒரு கிண்ணம் கொடுப்பார். விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தொட்டாலே தீட்டு என்று வளர்ந்தவன் நான். முதல் தடவை வாங்கியபோது, மல்லி மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்று குடித்தேன். யார் பார்த்துவிடுவார்கள் என்று பயந்தேனோ தெரியவில்லை. கடையில் இருந்த எல்லோரும் அதையேதான் குடித்துக்கொண்டிருந்தார்கள். குடித்து முடித்து, குழாயடியில் மூன்று நான்கு தடவை வாய் கொப்பளித்தேன். பாயசம் நன்றாக இருந்தது. கொப்பளித்ததுதான் வெட்கமாக இருந்தது.

நான் சபையை விட்ட கதையைக் கேட்பவர்கள் என்னைத் தைரியசாலி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. மனைவிக்குத் தைராய்டு. எங்கள் சபையில் மருந்து தொடக்கூடாது. ஜெபம் மட்டும்தான். அவளுக்குக் கழுத்து வீங்கி, குரல் கம்மி, மாடிப்படி ஏற முடியாமல் போனபோது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை, அவ்வளவுதான். விஷயம் தெரிந்ததும், சபைக்கு முன்னால் எழுந்து நின்று பாவ அறிக்கை செய்யச் சொன்னார்கள். நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகாமல் இருந்துவிட்டேன். அதற்கடுத்த வாரமும் போகவில்லை.

சபையில் எனக்கு ஒரு வேலை இருந்தது. மலையாளத்தில் பிரசங்கம் செய்யும் பாஸ்டருக்குப் பக்கத்தில் நின்று, வாக்கியத்துக்கு வாக்கியம் தமிழில் சொல்வேன். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பாதிக்குப் பாதி வரும் சபை அது. பாஸ்டர் கையை உயர்த்தினால் நானும் உயர்த்துவேன், அவர் அழுதால் என் குரலும் உடையும். 'நான் விசுவாசிக்கிறேன்' என்று அவர் சொல்வதை, 'நான் விசுவாசிக்கிறேன்' என்றே சொல்ல வேண்டும். 'அவர் விசுவாசிக்கிறாராம்' என்று சொல்ல முடியாது அல்லவா? நன்றாகச் சொல்வேன் என்று பெயர். அந்தப் பெயர்மேல் எனக்கு ஆசையும் இருந்தது.

போன வருடம் அக்கா மகளுக்குக் கல்யாணம். அக்கா குடும்பம் இன்னும் சபையில்தான் இருக்கிறது. சபையை விட்டவனோடு உட்கார்ந்து சாப்பிடக்கூடாது என்பது அங்கே சட்டம். அதனால் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாலும், பலாச்சுளையோ மரச்சீனிக் கிழங்கோ வாசலிலேயே கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விடுவாள். ஆனால் அவள் மகள் போன் செய்து, "மாமா வரல்லெங்கில் நான் மேடையில ஏற மாட்டேன், கேட்டோ" என்று சொல்லிவிட்டாள். போனோம். மனைவி காதிலிருந்த சின்னக் கம்மலைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள். அங்கே யாருமே நகை போடமாட்டார்கள். வெறும் காதில் துளை மட்டும் தெரிந்தது. அவள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, கடைசி வரிசையில் என் சித்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சித்தி, என் சித்தப்பாவின் மனைவி. வள்ளியூர்க்காரி. அம்மா போன பிறகு எனக்கு அம்மா இடத்தில் இருந்தவள் அவள்தான். வள்ளியூரில் இதே சபையின் கிளை ஒன்று உண்டு, அதில் பெரிய விசுவாசி. மலையாளம் ஒரு சொல் தெரியாது. நான் விலகிய பிறகு ஒரே ஒரு தடவை வந்தாள். வாசலில் நின்று அழுதுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள்.

கல்யாணத்துக்குத் தமிழில் மொழிபெயர்க்க நாகர்கோவிலிலிருந்து ஒருவர் வர வேண்டும். களியக்காவிளையில் வண்டிகள் நெரிந்து நிற்பதாக அவரிடமிருந்து போன் வந்தது. பாஸ்டர் கோட்டயம் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர், அவருக்கு அடுத்து இன்னொரு கல்யாணம் இருந்தது. மண்டபத்தில் பாதிப் பேர் சித்தியைப் போலத் தமிழ் மட்டும் தெரிந்த உறவுக்காரர்கள். அத்தான் என்னிடம் ஓடி வந்தார்.

"நீ ஒண்ணு நின்னு தா. வேற ஆளில்ல."

"சபை மூப்பர்மாரு சம்மதிப்பாங்களா?"

அவர் போய்க் கேட்டுவிட்டு வந்தார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "மேடையில ஏறாண்டாம்னு சொல்லுறாங்க. கீழே நின்னு சொன்னா போதும்."

பாஸ்டருக்கு என்னைத் தெரியாது. என் மைக் வயர் மேடைவரை எட்டாது என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் கீழே, பூ இல்லாத மேடைக்கு முன்னால், அவர் முழங்கால் உயரத்தில் நின்றேன். முதல் இரண்டு வாக்கியம் நாக்கு ஒட்டிக்கொண்டது. மூன்றாவதில் பழைய குரல் வந்துவிட்டது. அவர் கை உயரும்போது என் கையும் உயர்ந்தது. கூட்டம் 'ஆமென்' சொல்லச் சொல்ல எனக்கு உள்ளே சூடாக ஒரு சந்தோஷம் ஏறியது. நம்பாத ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பு வரவேயில்லை. நன்றாகச் சொல்கிறோம் என்ற நினைப்புதான் இருந்தது.

குடும்பம் எப்படி விழிப்பாக இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்த பாஸ்டர், திடீரென்று குரலைத் தாழ்த்தினார். மூப்பர்கள் முன்னதாகவே அவரிடம் சொல்லி வைத்திருக்க வேண்டும்.

"ஈ குடும்பத்திலும் பிழச்சுபோய ஒராளுண்டு" என்றார்.

மலையாளத்தில் பிழச்சுபோனவன் என்றால் கெட்டுப்போனவன், வழி தவறினவன். தமிழில் பிழைத்தான் என்றால் சாவிலிருந்து தப்பினான் என்று அர்த்தம்; சபைக்காரர் காதில் அது மனந்திரும்பி வந்தவன் என்று விழும். மொழிபெயர்க்கப் பழகுகிறவனுக்கு முதலில் சொல்லித்தரும் வார்த்தைகளில் இதுவும் ஒன்று. நான் எத்தனையோ தடவை இதைக் கவனமாக, 'வழி தவறிப்போன' என்று சொல்லியிருக்கிறேன். தடுமாறிவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பாஸ்டர் மூச்சுவிட்டுக் காத்திருந்தார். கடைசி வரிசையில் மனைவி முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இந்தக் குடும்பத்திலும் பிழைத்துப்போன ஒருவர் உண்டு" என்றேன்.

தமிழ்க்காரர்கள் பக்கத்திலிருந்து "ஸ்தோத்திரம்!" என்று சத்தம் எழும்பியது. சித்தி இரண்டு கைகளையும் தூக்கினாள். மலையாளக்காரர்கள் பக்கம் பெருமூச்சு. பாஸ்டர் ஒரு கணம் குழம்பிப்போய்த் தமிழர்களைப் பார்த்தார். பிறகு, அவனுக்காகக் கண்ணீரோடு ஜெபிக்க வேண்டும் என்றார். அதை அப்படியே மாற்றாமல் சொன்னேன். சித்தி கண்ணீரோடுதான் இருந்தாள்.

சாப்பாட்டுப் பந்திக்குப் போகும் வழியில் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எய்யா, நீ பொழச்சிட்டியாமே! பாஸ்டர் வாயாலயே சொல்லிட்டாரே! எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா நீ?"

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். நான் சிரித்தேன். சிரித்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அவள் பக்கத்தில் நின்ற இன்னொரு கிழவியிடம் என்னைக் காட்டினாள்.

அக்காவுக்கு இரண்டு மொழியும் தெரியும். பிரியாணி அண்டாவுக்குப் பின்னால் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"நீ என்ன செய்தேன்னு எனக்கு மனசிலாச்சு."

நான் அண்டாவின் மூடியைச் சரியாக எடுத்து வைத்தேன்.

"பிள்ளைக்க கல்யாணத்தில வச்சு அவரு அது பேசியிருக்காண்டாம். அது தெற்றுதான். ஆனா நீ செய்ததும் சரியில்ல. சித்தி வெள்ளைமனசு, அதை நம்பிட்டா. நீயே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

"சொல்றேன்" என்றேன். சொல்லவில்லை.

சில வாரம் கழித்துச் சித்தி தானாகவே போன் செய்து, வீட்டுக்கு வருவதாகச் சொன்னாள். தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அழைத்துவந்தேன். ஒரு சீப்பு வாழைப்பழம், பனங்கருப்பட்டி, முருங்கைக்கீரை என்று பை நிறையக் கொண்டுவந்திருந்தாள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நேராக உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "தண்ணி குடு தாயி" என்று என் மனைவியிடம் கேட்டாள். மனைவி தண்ணீர் எடுக்கப் போனவள், கொஞ்ச நேரம் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தேன். செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தாள்.

"சொல்லிட்டீங்களா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"சாப்பிடட்டும்."

"சாப்பிட்ட பிறகு சொன்னா அது இன்னும் மோசம்."

அவள் சொன்னது சரி. ஆனால் வாசலிலேயே நின்றுவிட்டுப் போன அந்தப் பழைய நாளை நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை அவள் என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. இது அன்பா, என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் புத்தியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மனைவி இந்தத் தடவை கம்மலைக் கழற்றவில்லை. சித்தி அதைக் கவனித்தாள். "அது மெதுவாக் கழட்டிக்கலாம். கர்த்தர் ஒவ்வொண்ணா உணர்த்துவார்" என்று சிரித்தாள். குளிர்பதனப்பெட்டி மேலிருந்த மாத்திரை அட்டையையும் பார்த்தாள். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நெய்மீன் குழம்பும் அவியலும் இலையில் வைத்ததும், என் பக்கம் திரும்பினாள்.

"ஜெபம் பண்ணுய்யா."

கண்ணை மூடினேன். வார்த்தைகளைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. வழிநடத்தி வந்த தயவுக்கு நன்றி, தூரமாயிருந்தவர்களைச் சமீபமாக்கினதற்கு நன்றி, இந்தத் தாயின் பிரயாணத்தைக் காத்ததற்கு நன்றி என்று வந்துகொண்டே இருந்தது. குரல் எங்கே தழுதழுக்க வேண்டுமோ அங்கே தழுதழுத்தது. கண்ணைத் திறந்தபோது சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மனைவி கண்ணை மூடவேயில்லை என்று எனக்குத் தெரிந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பிச்சை கேட்டு நிற்கும் சொந்தக்காரனைப் பார்ப்பதுபோல இருந்தது.

சித்தி இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தாள். நான் சின்ன வயதில் சோற்றில் மீன் முள்ளைத் தேடித்தேடியே சாப்பாட்டை ஆறவைப்பேன் என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தாள். இப்படி ஒரு மத்தியானம் எங்கள் வீட்டில் அதற்கு முன் இருந்ததில்லை.

கிளம்பும்போதுதான் சொன்னாள். "அடுத்த மாசம் எங்க சபையில உபவாசக் கூட்டம். நீ வந்து சாட்சி சொல்லணும். பாஸ்டர்ட்ட நான் சொல்லிட்டேன். நீ திரும்பி வந்தத எல்லாருக்கும் சொல்லணும்லா?"

ஆட்டோவில் தம்பானூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் ஜன்னல் ஓர இடம் பிடித்து, பையை மடியில் வைத்துக்கொடுத்தேன். டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். கண்டக்டர் நாகர்கோவில், நாகர்கோவில் என்று கத்திக்கொண்டிருந்தார். அந்த இரைச்சல் எனக்கு வசதியாக இருந்தது. வெளியே நின்று, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"சித்தி, நான் திரும்பி வரல. அன்னைக்குப் பாஸ்டர் சொன்னது வேற. வழி தவறிப் போனவன்னுதான் சொன்னார். நான்தான் மாத்திச் சொன்னேன்."

இரைச்சலில் கேட்டிருக்காது என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் முகம் அப்படியே இருந்தது. பிறகு கையை ஜன்னல் வழியாக நீட்டி என் விரல்களைத் தொட்டாள். பிடிப்பதற்கா, கம்பியிலிருந்து விலக்குவதற்கா என்று தெரியவில்லை.

"அப்போ சோத்துக்கு முன்னால ஜெபம் பண்ணுனியே, அது?"

பஸ் நகர்ந்தது. அவள் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உபவாசக் கூட்டம் முடிந்த பிறகு அக்காவிடம் விசாரித்தேன். என்னால் லீவு எடுக்க முடியவில்லை என்று சித்தி அங்கே சொல்லியிருக்கிறாள். வாழ்நாளில் பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவள். எனக்காக அவளும் ஒன்று சொல்ல வேண்டி வந்துவிட்டது. அதைக் கேட்ட அன்று கடையில் ஒரே பில்லை மறுபடி மறுபடி தப்பாகப் போட்டேன். முதலாளி, "உடம்பு சரியில்லையா? வீட்டுக்குப் போங்க" என்றார். போகவில்லை. வீட்டில் மனைவி இருப்பாள், என்னவென்று கேட்பாள்.

மன்னிப்புக் கேட்க இரண்டு மூன்று தடவை வள்ளியூருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. பிறகு ஒருநாள் அவளே கூப்பிட்டாள். நான்தான் எடுத்தேன்.

"சித்தி" என்றேன்.

"அவகிட்ட குடு" என்றாள்.

கொடுத்தேன். மனைவி போனைக் காதில் வைத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் போனாள். "ஆமா சித்தி... காலையில எடுத்துட்டேன்... இப்ப வீக்கம் இல்ல" என்று சொல்வது கேட்டது. மாத்திரை சாப்பிட்டாயா என்று சித்தி கேட்டிருக்கிறாள். மருந்தைக் கையால் தொடாதவள்.

இப்போது மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை கூப்பிடுகிறாள். அவர்கள் இருவரும் வெகுநேரம் பேசுகிறார்கள், மீன் விலை, முழங்கால் வலி, அக்கா மகளுக்கு மசக்கை என்று. என்னைப் பற்றிக் கேட்கிறாளா என்று மனைவியிடம் ஒருதடவை கேட்டேன். "கேக்கல. ஆனா நீங்க வீட்ல இருக்கிற நேரம் பாத்துத்தான் கூப்பிடுறாங்க" என்றாள். அது நல்லதா கெட்டதா என்று மேற்கொண்டு கேட்க எனக்கு வாய் வரவில்லை.