கூண்டுக் கதவில் நிற்பவன் எந்தப் பக்கம்?

ஐஸ் ஹொக்கி ஆட்டத்தில் தவறு செய்தவனை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, நேரம் முடிந்ததும் திறந்துவிடுவது என் வேலை. தவறு செய்தவனை ஆட்கள் இரண்டு நிமிடத்தில் மறந்துவிடுவார்கள், கதவைத் திறந்தவனை மறக்கமாட்டார்கள்.

ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு ஹாலில் எனக்கு நிரந்தர வேலை. வாரநாட்களில் பனித்தளத்தைச் சமப்படுத்தும் வண்டியை ஓட்டுகிறேன், கண்ணாடி துடைக்கிறேன், உடைந்த கதிரையைத் திருத்துகிறேன். அப்போது என்னை யாரும் பார்ப்பதில்லை. ஆட்ட நாளில் கறுப்பு ஜாக்கெட் போட்டுக்கொண்டு தண்டனைக் கூண்டின் கதவில் நிற்பேன். எங்கள் அணிக்கு ஒரு கூண்டு, வந்த அணிக்கு ஒரு கூண்டு, நடுவில் நேரம் பார்ப்பவர்கள். எங்கள் பக்கக் கதவு என்னுடையது. இந்த ஊரில் ஆயிரக்கணக்கான பேர் என்னை நம்பவேண்டிய ஒரே இடம் அதுதான். அதனால் அந்த வேலையை இழக்க எனக்கு மனமில்லை.

பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வைக்கு நின்றவர்களுக்கும், கோயில் வரிசையில் கயிறு பிடித்தவர்களுக்கும், கலியாண மண்டபத்தில் சாப்பாட்டுக் கதவில் நின்றவர்களுக்கும் மிச்சத்தை நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு ஒன்று மட்டும். வசந்தத்தில் வரும் இறுதிச் சுற்றுக்கு இங்கே ஸ்லுத்ஸ்பில் என்று பெயர். அதில் ஒரே இரண்டு அணிகள் திரும்பத் திரும்ப மோதும், ஒன்று நான்கு ஆட்டம் வெல்லும்வரை. செவ்வாய்க்கிழமை இடித்த முழங்கை வியாழக்கிழமையும் அதே பனியில் நிற்கும்.

முகம்

கதவில் நிற்பவன் சந்தோஷப்படக்கூடாது. கோல் விழுந்தால் கை தட்டக்கூடாது, தலையில் கை வைக்கக்கூடாது. இது சட்டம். நான் கவனமாகத்தான் இருந்தேன். ஆனால் முதல் ஆட்டத்தில் எங்கள் அணி கோல் போட்டபோது எனக்குப் பல்வலி. வாயை ஒரு பக்கம் இழுத்திருக்கிறேன். வந்த அணியின் ரசிகர் ஒருவர் அதைப் படம் பிடித்து, பெரிதாக்கி, இடைவேளையில் என் முகத்துக்கு முன்னால் நீட்டி, இது சிரிப்பா இல்லையா என்று கேட்டார். பல்லைக் காட்டி விளக்கலாம் என்று நினைத்தேன். பல்லைக் காட்டினால் அதையும் படம் எடுப்பார்.

அடுத்த ஆட்டத்தில் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டேன். மறுநாள் வேலைக்குப் போக பஸ்ஸில் ஏறினேன். ஓட்டுநர் மரியண்ணை, மன்னார்க்காரர், எங்கள் அணியின் ஆட்டம் ஒன்றையும் விடாதவர். கழுத்தில் அணியின் சால்வை இல்லாமல் ஞாயிறு பூசைக்கும் போகமாட்டார் என்று அவருடைய மனைவியே சொல்லியிருக்கிறார். என்னைக் கண்ணாடியில் பார்த்தபடி சொன்னார்: “தம்பி, எங்கடை கோலுக்கு நீ செத்தவீட்டிலை நிக்கிற மாதிரி நிண்டனி. ஆர் உனக்குச் சம்பளம் தாறது?”

எண்ணெய்

எங்கள் பக்கக் கதவின் தாழ்ப்பாள் குளிரில் இறுகிவிடும். ஒருமுறை திறக்கக் கொஞ்சம் பிந்தியது. எங்கள் ஆள் வெளியே வருவதற்குள் எதிரணி கோல் போட்டுவிட்டது. கதவுக்கார ரவி காசு வாங்கிவிட்டான் என்று என்னைப் பார்த்துக் கூரைவரை கேட்கக் கத்தினார்கள். அடுத்த ஆட்டத்துக்கு முன் எண்ணெய் விட்டேன். வந்த அணியின் ஆட்கள் அதைக் கண்டு, தங்கள் கதவுக்கு ஏன் விடவில்லை என்று முறையிட்டார்கள். அதற்கும் விட்டேன். எங்கள் ஆட்கள் அதைக் கண்டார்கள்.

ஹாலுக்குப் பொறுப்பான பெரித் என்ற அம்மா என்னைக் கூப்பிட்டார். கோபமாக இல்லை. இந்த நாட்டவர்கள் கோபப்பட்டால் குரல் இன்னும் தாழும். நான் காதைக் கிட்டக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அவர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்: “இனி எண்ணெய் விடுறதெண்டால் ரெண்டு கதவுக்கும் ஒரே நேரத்திலை விடு. அதுக்கு ரெண்டு ஆள் வேணும் எண்டால் நானும் வாறன்.”

பீட்சா வரிசை

செந்தில் கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை. ஒஸ்லோவுக்கு வர முதல் எதிரணியின் ஊரில் இருந்தவர். அதனால் அந்த அணி. இடைவேளையில் பீட்சா வரிசையில் அவரும் மரியண்ணையும் முன்னும் பின்னும் நின்றார்கள்.

“உங்க ஆளுங்க வெளையாடுறாங்களா, ஆள் புடிக்கிறாங்களாங்க?” என்றார் செந்தில்.

“உங்கடை பெடியள் காத்துப் பட்டாலும் விழுறாங்கள். காத்துக்கு எத்தினை நிமிசம் குடுக்கிறது?”

“ரெஃப்ரி உங்க ஏரியாக்காரருன்னு எல்லாருக்கும் தெரியும்ங்க.”

நான் பின்னால் போய் நின்றதும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு தொடங்கினார்கள், நோர்வேஜிய மொழியில், காலநிலையைப் பற்றி. இருபது வருடமாக இந்த நாட்டில் என் முதுகுக்குப் பின்னால் தமிழில் கதைத்த தமிழரைக் கண்டிருக்கிறேன். எனக்குக் கேட்கக்கூடாது என்று தமிழை விட்டவர்களை அன்றுதான் கண்டேன். பீட்சாவை எடுத்துக்கொண்டு போகும்போது செந்தில் மரியாதையாகச் சொன்னார்: “தப்பா எடுத்துக்காதீங்கண்ணா, நீங்க நியூட்ரல்ங்கிறதால சொல்றேன், நியூட்ரல் ஆளுங்களத்தான் நம்பவே முடியறதில்ல.”

இடி

மூன்றாவது ஆட்டம். எங்கள் அணியின் பின்களத்தில் எய்ரிக் என்று ஒருவன் விளையாடுகிறான். உயரமானவன். கதவால் நுழையும்போது எனக்குத் தலையாட்டுவான், போகும்போதும் ஆட்டுவான். எதிரணியின் யூனாஸ், பக் என்கிற அந்த ரப்பர் வட்டைத் தேடித் தலையைக் குனிந்துகொண்டு ஓரத்துக்கு வந்தான். எய்ரிக் அவனை இடித்தான். தோளா முழங்கையா என்று நான் காணவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. தலை கண்ணாடியில் படும் சத்தம் வேறு, அது கதவில் நிற்பவர்களுக்குத் தெரியும்.

நடுவர் இரண்டு நிமிடம் மட்டும் கொடுத்தார். எதிரணி ரசிகர்கள் குடித்த கோப்பைகளை எறிந்தார்கள். எய்ரிக் வந்தான், இந்த முறை தலையாட்டவில்லை. கதவைச் சாத்தினேன். அவன் ஆசனத்தில் அமர்ந்து, வியர்வை துடைக்கும் துவாயைத் தலைமேல் போட்டு முகத்தை மூடிக்கொண்டான். தோள் இரண்டும் குலுங்கின. உள்ளே இருப்பவனோடு நான் கதைக்கக்கூடாது, அதுவும் சட்டம். பனியில் யூனாஸைச் சுற்றி ஆட்கள் முழங்காலில் இருந்தார்கள். துவாய்க்குள்ளிருந்து எய்ரிக் கேட்டான். நான் பேசவில்லை. திரும்பவும் கேட்டான்: “எழும்பிட்டானா?”

துவாய்

யூனாஸைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். மாலைக்குள் படம் பரவிவிட்டது. துவாய் போர்த்த எய்ரிக், குலுங்கும் தோள், பக்கத்தில் கல் முகத்தோடு நான். அவன் சிரிக்கிறான் என்று ஒரு பாதி, அழுகிறான் என்று மறுபாதி. எதிர்த்தரப்பு அவனை அடுத்த பருவம் முழுக்கவும் தடை செய்யக் கேட்டது.

செந்தில் அலைபேசியில் வந்தார். “அண்ணா, சிரிச்சான்ல? பக்கத்துல நீங்கதான இருந்தீங்க.” மரியண்ணை சிவப்பு விளக்கில் பஸ்ஸை நிறுத்திவிட்டுத் திரும்பினார். “அழுதவன்தானே? அப்பிடியே சொல்லு. நீ ஒண்டும் பொய் சொல்லத் தேவையில்லை, அழுதவன் எண்டு சொன்னால் காணும்.” எனக்கு உண்மையிலேயே தெரியாது. ஓடிக் களைத்தவனுக்கும் தோள் குலுங்கும். அதைச் சொன்னேன். பச்சை விளக்கு விழுந்தது. அவர் முன்னால் பார்த்துக்கொண்டு சொன்னார்: “தெரியாது எண்டு சொல்லுறவனுக்கு எல்லாம் தெரியும்.”

விசாரணை

ஒழுங்குக் குழுவிலிருந்து ஒருவர் மத்தியானம் அழைத்தார். நான் பனி வண்டியில் இருந்தேன். பக்குவமாகக் கதைத்தார். அவ்வளவு பக்குவமாகக் கதைப்பவரிடம் கவனமாக இருக்கவேண்டும் என்று வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினேன். கூண்டுக்குள் எய்ரிக் ஏதாவது சொன்னானா என்று கேட்டார். மறைத்தால் எங்கள் பக்கம், சொன்னால் அவர்கள் பக்கம். கேட்டதைக் கேட்டபடி சொன்னேன்: அடிபட்டவன் எழும்பிவிட்டானா என்று இரண்டுதரம் விசாரித்தான்.

அவர் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. பிறகு, பயந்து கேட்டானா, அடி சரியாக விழுந்ததா என்று அறியக் கேட்டானா என்றார். துவாய்க்குள்ளால் கேட்டான், எனக்குத் தெரியாது என்றேன். அவர் மெதுவாகக் கேட்டார்: “பக்கத்திலை இருந்தும் தெரியாதா?”

இரண்டு கதவுகள்

தீர்ப்பு வந்தது. எய்ரிக்கு இந்தச் சுற்றின் கடைசி ஆட்டம்வரை தடை. கதவுக்காரன் காட்டிக்கொடுத்துவிட்டான் என்றார்கள் எங்கள் ஆட்கள். கதவுக்காரன் மறைத்ததால்தான் தடை இவ்வளவு குறைவு என்றார்கள் அவர்கள். அன்று பஸ் தரிப்பிடத்தில் மரியண்ணை பஸ்ஸை நிறுத்தினார், கதவைத் திறக்கவில்லை. ஈரப்பனி கொட்டியது. நான் கண்ணாடிக்கு வெளியே, அவர் உள்ளே, உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்தபடி. ஆறுதலாக, ஒரு நிமிடம் கழித்துத் திறந்துவிட்டுச் சொன்னார்: “தாழ்ப்பாள் இறுகிப்போச்சு, தம்பி.”

எய்ரிக் தனியாகப் பயிற்சிக்கு வந்தான். தடை ஆட்டத்துக்குத்தான், பனிக்கு இல்லை. நான் ஓரத்தில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். குழுவிடம் என்ன சொன்னாய் என்று கேட்டான். நீ கேட்டதைத்தான் சொன்னேன் என்றேன். அவன் கோபப்படுவான் என்று துணியை இறுக்கிப் பிடித்தேன். அவன் கோபப்படாமல் மட்டையால் பனியைச் சுரண்டினான். அது நடிப்பா என்று நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு. பிறகு சொன்னான்: “நீ அப்ப எனக்கு ஒரு மறுமொழி சொல்லியிருக்கலாம்.”

மறுபக்கம்

மூன்றுக்கு மூன்று என்று வந்து, கடைசி ஆட்டம் எங்கள் ஹாலில். பெரித் என்னை எதிரணியின் கதவுக்கு மாற்றினார். இன்னொரு முறைப்பாடு வந்தால் கதவு வேலையே வேறு ஆளுக்கு என்றும் சொன்னார். நான் ஏன் என்று அவர் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும், அவர் விளக்கம் தந்தார்: “இஞ்சாலை நிண்டால் எங்கடை ஆக்கள் உன்னை அடிப்பினம். அங்காலை நிண்டால் அவையள் சந்தேகப்படுவினம். சந்தேகத்துக்கு மருந்து கட்டத் தேவையில்லை.”

யூனாஸ் முகத்தை முழுக்க மூடும் கம்பிக் கவசத்தோடு திரும்பி வந்தான். தூக்கிக்கொண்டு போனவன் எப்படி வழுக்கிக்கொண்டு வருகிறான் என்று எங்கள் ஆட்கள் விசிலடித்தார்கள். ஆட்டத்தின் நடுவில் அவன் எங்கள் அணியிலேயே இளையவனை முதுகில் இடித்தான். பெடியன் ஓரத்துப் பலகையில் முகம் குப்புற விழுந்தான். ஐந்து நிமிடம். யூனாஸ் என்னுடைய கதவுக்கு வந்தான். சாத்தினேன். கவசத்தைக் கழற்றினான், துவாயைத் தலையில் போட்டான். தோள் குலுங்கியது. துவாய்க்குள்ளிருந்து கேட்டான்: “எழும்பிட்டானா?”

அதே சொல், அதே குரல். நான் பனியைப் பார்த்தேன். எங்கள் பெடியன் இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு எழும்பிக்கொண்டிருந்தான். அலைபேசிகள் என்னை நோக்கி இருந்தன, நடுவில் நேரம் பார்ப்பவரும் பார்த்துக்கொண்டிருந்தார், சட்டம் தெரியும், வேலை போகும் என்றும் தெரியும். வாயை அதிகம் திறக்காமல் “எழும்பிட்டான்” என்றேன்.

யூனாஸ் துவாயை விலக்கி என்னைப் பார்த்தான். கண் சிவந்திருந்தது. உதடு ஆடியது. என் வார்த்தையை அவன் எடுக்கவில்லை. எழுந்து கண்ணாடியில் நெற்றியை வைத்துத் தானே பார்த்தான், பெடியன் நிற்கிறான் என்று கண்டபிறகுதான் திரும்ப ஆசனத்தில் இருந்தான். இருந்துகொண்டு சொன்னான்: “நீ அவங்கடை ஆள். உன்னை எப்பிடி நம்புறது?”

மீண்டும் விசாரணை

ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் வாசலில் இரண்டு பேரும் நிற்கிறார்கள், ஆளுக்கொரு பக்கம். கையில் அதே மாதிரிப் படம், துவாய் மட்டும் வேறு நிறம். “பாவம், அழுதான்லண்ணா?” என்றார் செந்தில். “உள்ளை இருந்து சிரிச்சவன்தானே, தம்பி?” என்றார் மரியண்ணை. போன கிழமை யார் எதைச் சொன்னார் என்று நினைவூட்டலாம் என்று பார்த்தேன். இரண்டு பேரின் கண்ணிலும் அந்த நினைவின் அடையாளமே இல்லை.

குழுவின் ஆளும் அழைத்தார். யூனாஸுக்கு அடுத்த பருவத்திலும் தடை வரலாம் என்றார். கூண்டுக்குள் கதைத்தாய் என்று உன்மேலும் ஒரு முறைப்பாடு இருக்கிறது என்றார். எழும்பிட்டானா என்று அவன் கேட்டதற்கு ஒரு சொல் கதைத்தேன் என்று ஒப்புக்கொண்டேன். யூனாஸ் எப்படிக் கேட்டான் என்றார். இந்த முறை எனக்குத் தெரிந்திருந்தது. முகத்தைப் பார்த்தேன், பயந்துபோய்க் கேட்டான் என்றேன். அவர் உடனே, அப்படியென்றால் அதே சொல்லைக் கேட்ட எய்ரிக்கும் பயந்துதானே கேட்டிருப்பான் என்றார். அவன் துவாயை விலக்கவில்லை, நான் மறுமொழி சொல்லவில்லை, சொல்லியிருந்தால் விலக்கியிருப்பானோ தெரியாது என்றேன். சொல்லும்போதே அது எப்படிக் கேட்கும் என்று எனக்கு விளங்கிவிட்டது. அவர் வழக்கம்போல் பக்குவமாகக் கேட்டார்: “எதிரணிக்காரன்ரை முகம் மட்டும்தான் உனக்குத் தெரியுதோ?”

கதவு வேலை இன்னும் என்னிடம் இருக்கிறதா, அந்த ஆட்டத்தில் எந்த அணி வென்றது என்று நான் இங்கே எழுதப்போவதில்லை, எழுதினால் எழுதிய விதத்தை வைத்து நான் எந்தப் பக்கம் என்று நீங்களும் பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள்.