அப்பாவைக் காணாதவனின் மூச்சு

மக்டாரா பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பே அவன் அப்பா ஃபெஸ்டி படகோடு கடலில் மூழ்கிப்போனார். அதனால்தான் அவன் மூச்சுக்கு அந்த மதிப்பு. அயர்லாந்தின் கொன்னமாரா கடற்கரையில் எந்தக் குழந்தைக்கு நாக்கில் வெள்ளை படிந்து பால் இறங்காமல் போனாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அப்பன் முகம் காணாதவன், வெறும் வயிற்றோடு, மூன்று நாள் காலையில் குழந்தையின் வாயில் ஊத வேண்டும். அதற்குக் காசு கிடையாது. நன்றி என்றுகூடச் சொல்லக் கூடாது; சொன்னால் பலிக்காது. நாற்பத்தாறு வயதுக்குள் தேநீரைத் தொடாமல் அவன் கிளம்பிய காலைகள் எத்தனையோ.

சோர்க்காவின் பெண் குழந்தைக்கு இரண்டு காலை ஊதியாயிற்று. மூன்றாவதற்கு முந்தின மாலை, பாஸ்டனிலிருந்து ஊருக்கு வந்திருந்த அத்தை மகள் டீலியா ஓர் உறையைக் கொண்டுவந்தாள். செத்துப்போன அத்தையின் பெட்டியடியில் கிடந்ததாம். உள்ளே ஃபெஸ்டியின் புகைப்படம். அந்த வீட்டில் அதுவரை ஒன்றுகூட இருந்ததில்லை.

மக்டாராவின் கை உறை வரைக்கும் போய் நின்றுவிட்டது. சின்ன வயதில் துடுப்புப் போடுகிற ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்து, இப்படி இருந்திருப்பாரோ என்று தேடியவன் அவன்.

"காகிதத்துல பாக்கறது பாத்ததாகுமா மச்சான்?" என்று சிரித்தாள் டீலியா.

"யாருக்குத் தெரியும்? நான் பாத்து, அந்தப் புள்ள பால் குடிக்காமப் போச்சுன்னா?"

பாதிரியாரைக் கேட்கலாமே என்றாள். அவர் இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறவரே இல்லை. போன வருஷம் தன் தங்கை குழந்தையை மட்டும் ஊதச் சொல்லிப் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்தார்.

காலையில் ஊதிவிட்டு வந்து பார்க்கிறேன், அதோடு இந்த வேலை போதும் என்று மக்டாரா உறையை அம்மா பார்பராவிடம் கொடுத்தான். அவளும் பிரிக்கவில்லை.

மறுநாள் ஊதினான். குழந்தை முகத்தைச் சுளித்தது, பிறகு சப்புக்கொட்டிக்கொண்டு பாலுக்குத் தாவியது. சோர்க்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. வாய்வரை வந்த நன்றியை விழுங்கி, "வழியெல்லாம் ஈரம், பாத்துப் போண்ணே" என்றாள்.

வேகவேகமாக வீடு திரும்பினால் வாசலில் ஒரு சைக்கிள். எட்டு மைல் மிதித்து வந்தவன் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான். முதல் குழந்தையாம், பிறந்து பதினோரு நாளாம், நேற்றிலிருந்து அழுகை ஓயவில்லையாம்.

"நீங்க இன்னும் ஒண்ணும் சாப்பிடலயே?"

இல்லை என்று மக்டாரா தலையசைத்தான். உள்ளே போய், அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றான்.

"அம்மா, நீ பாரு. பாத்து எனக்குச் சொல்லு."

உறை பிரிகிற சத்தம் கேட்டது.

"காது உன் காதுதான்டா," என்றாள் பார்பரா. "படம் எடுக்கறவனுக்குப் பயந்து நிக்கறாரு. கைய எங்க வைக்கறதுன்னே தெரியல. எவ்வளவு சின்னப் பையனா இருக்காரு தெரியுமா."

"சிரிக்கறாரா?"

"சிரிக்கப் போறாரு."

மக்டாரா காதை ஒருமுறை தடவிக்கொண்டான். மீதியை வந்து கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்தான்.