அரைக்கால் சுற்று

கமலாட்சி பட்டன் அடிக்கும் பிரஸ்ஸின் லாக் நட்டைத் தளர்த்தித் திருகை அரைக்கால் சுற்று, அதாவது கால் சுற்றில் பாதி, திருப்பி மறுபடி நட்டை இறுக்குகிறார். இன்று காலையில் இது பதினொன்றாவது தடவை. துண்டுத் துணியை மூன்றாக மடித்து, ஒரு டிச்சு பட்டனை வைத்துக் கைப்பிடியை அழுத்துகிறார். காதருகே கொண்டுபோய்த் திறக்கிறார், மூடுகிறார். "சளி பிடிச்ச மாதிரி இருமுது," என்று துணியைக் குப்பையில் போடுகிறார்.

போட்டாதாங் படகுத்துறைக்குப் போகும் தெருவில் ஒரு தார்ப்பாய், அதன் கீழே ஒரு மேசை, மேசையில் முடுக்கிய கைப்பிரஸ். கடை அவ்வளவுதான். கமலாட்சிக்கு ஐம்பத்திரண்டு வயது. கன்னத்தில் பர்மியர்கள் பூசும் தனக்கா மரச்சாந்து, நெற்றியில் குங்குமம். சாரலில் இரண்டும் கலந்து வழிந்தாலும் துடைக்க மாட்டார், கை எண்ணெயாக இருக்கும். பை, குழந்தைச் சட்டை, இங்கே மோகா என்று சொல்லும் மழைக்கோட்டு, எதற்கும் பட்டன் வைத்துத் தருவார். துணியின் கனத்துக்கு ஏற்ப மேல் அச்சை ஏற்றி இறக்க வேண்டும். அளவு மறக்காமலிருக்கத் திருகில் மகளின் நகப்பூச்சால் கோடு போட்டிருக்கிறார். மோகாவுக்குச் சிவப்பு, குழந்தைச் சட்டைக்கு ரோஸ். எந்தக் கோட்டையும் அவரே நம்புவதில்லை.

அவசரப்படுகிறவர்களுக்கு ஒரே பதில்தான். பக்கத்தில் வெற்றிலை மடிக்கும் எனக்கு அது மனப்பாடம்.

"முதல்ல பட்டனோட தண்டு கிண்ணத்துல ஒழுங்கா உக்காரணும். அப்புறம்தான் நெருக்கணும். பொண்ணு பாக்க வந்தவன் செருப்பக் கழட்டுறதுக்குள்ள தாலி கட்டுவானா?"

அவருடைய கணவர் தியாகராஜன் ஒரு தடவை அப்படிக் கட்டிவிட்டார். போன மழைக்காலத்தில், கமலாட்சி சாப்பிடப் போன நேரம், "கெட்டியா இருக்கட்டுமே" என்று திருகை முழுதாக ஒரு சுற்று இறக்கி, ஒருவருடைய மோகாவுக்கு ஐந்து பட்டன் அடித்துக் கொடுத்தார். கிண்ணங்கள் நசுங்கிப்போயின. அந்த மனிதர் டலா போகும் படகில் ஏறிப் பட்டன்களைப் போட்டார். போட்டதுதான். அக்கரையில் கத்தரிக்கோலால் வெட்டித்தான் அவரை வெளியே எடுத்தார்கள். அன்றிலிருந்து தியாகராஜனுக்குப் பிரஸ்ஸைத் துடைக்க மட்டும் அனுமதி. அதுவும் கைப்பிடி வரைக்கும்.

இன்றைய விஷயம் பெரியது. படகுத்துறையில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு ஜமால்தான் தலைவர். மாதிரிக்கு ஒரு மோகாவைக் கொடுத்திருந்தார். பட்டன் பிடித்தால் எண்பது மோகாவின் வேலை இங்கே வரும். பிடிக்காவிட்டால் லத்தா பேட்டையில் மோட்டார் மெஷின் வைத்திருக்கும் கடைக்குப் போகும். நிபந்தனை ஒன்றுதான்: ஒரு தோளில் மூட்டை இருக்கும்போது மறு கையால் பட்டனைக் கழற்ற முடிய வேண்டும்.

காலையில் வந்து போட்டுப் பார்த்தார். சிவப்புக் கோட்டில் வைத்து அடித்த நான்கு பட்டன்களும் சொன்ன பேச்சுக் கேட்டன. கழுத்துப் பட்டன் முரண்டு பிடித்தது. அங்கே துணி மூன்று மடிப்பு. கமலாட்சி இரண்டு மடிப்புக்கு வைத்த அளவிலேயே அடித்திருந்தார். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. குறட்டால் அதைப் பிடுங்கிவிட்டுத் துண்டுத் துணியில் ஆரம்பித்தவர்தான், இன்னும் நிறுத்தவில்லை.

"அக்கா, மழை நின்னுடும் போலருக்கு. அப்புறம் மோகா எதுக்கு?" என்றார் தார்ப்பாயின் கீழே காத்து நின்ற ஜமால்.

"அவசரம் உங்களுக்குத்தான் பாய். பட்டனுக்கு இல்ல."

"லத்தாக்காரன் கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள அடிச்சிடுறான்."

"மூடுற மாதிரி அடிப்பான். தொறக்குமா?"

பின்னால் நின்ற தியாகராஜன் சிரித்துவிட்டார்.

"நீங்க சிரிக்காதீங்க," என்றார் கமலாட்சி, திரும்பாமலே.

பன்னிரண்டாவது துண்டு இருமவில்லை. கழுத்தில் புதுப் பட்டனை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு கைப்பிடியை இறக்கினார். ஜமால் மோகாவை மாட்டிப் பட்டனைப் போட்டுக்கொண்டார். தியாகராஜன் அரிசி மூட்டை ஒன்றைத் தூக்கி அவர் தோளில் வைத்தார். ஜமாலின் இடக் கை கழுத்துக்குப் போனது. டக். திறந்துகொண்டது. மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"சரிக்கா, எண்பதும் உங்களுக்குத்தான். நாளைக்கே..."

கமலாட்சி அவருடைய காலரைப் பிடித்துத் தன் காதுக்கு இழுத்தார். மூட்டையோடு ஜமால் குனிய வேண்டியதாயிற்று. கண்ணை மூடிக்கொண்டு கமலாட்சி ஒரு கையால் அந்தப் பட்டனைத் திறந்து திறந்து மூடினார். மறு கையை உயர்த்தி, பேசாதிருக்கும்படி ஜமாலுக்குச் சைகை காட்டினார்.